கத்தலுக்குள்ள ஒரு சுருதி

மக்களே, ஒரு சின்ன எச்சரிக்கையோட ஆரம்பிக்கிறேன். எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் எழுதற கட்டுரை இது. ‘ள’வும் ‘ழ’வும் இடம் மாறியிருந்தா மன்னிச்சிடுங்க. பழியை பிரூஃப் பார்த்த நண்பன் மேல போட்டுடுங்க.

நாலு வருஷமா எங்க ஹாஸ்டல் ரூம்ல நான் ஸ்பீக்கரை ஆன் பண்ணும்போதெல்லாம் மூணு கேள்வி வரும். ஒண்ணு, “யாரைடா அடிக்கிறாங்க?” ரெண்டு, “இதுல பாட்டு எங்க இருக்கு?” மூணு, “இதெல்லாம் நம்ம மியூசிக்கா?” முதல் கேள்விக்கு சிரிச்சுட்டு விட்டுடலாம். ரெண்டாவதுக்கு ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் போதும். மூணாவது கேள்விக்கு எனக்கு ரொம்ப நாளா பதில் தெரியலை. அந்தப் பதிலைத் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

பாடத்துக்கு ஒரு ஆல்பம் எடுத்துக்கலாம். பேர் ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’. வெளியான வருஷம் 2005. இசைக்குழு பேர் ருத்ரா. ஊர் சிங்கப்பூர். பாடறவரும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவரும் ஒருத்தரே, கதிர். டிரம்ஸ் சிவா. பேரைப் பார்த்தாலே தெரியும், நம்ம ஆட்கள்தான். 1992-ல் ஆரம்பிச்ச குழு இது. தங்களோட இசைக்கு அவங்க வெச்ச பேர் ‘வேதிக் மெட்டல்’.

இந்த ஆல்பத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை பார்த்துடலாம். ஒரு யூனிட்தான், பயப்படாதீங்க.

யூனிட் 1: சத்தம் எப்படி இசையாகுது?

ஹெவி மெட்டல் பிறந்தது ஒரு தொழிற்சாலை ஊர்ல. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அங்க 1965-ல் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில வேலை பார்த்த 17 வயசுப் பையனோட வலது கையில நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் மெஷின்ல துண்டாயிடுச்சு. பையன் பேர் டோனி அயோமி. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி மாதிரி செஞ்சார். அது கம்பி மேல வழுக்குச்சு. உடனே ஒரு பழைய ஜாக்கெட்டிலிருந்து தோலை வெட்டி அதுமேல ஒட்டினார். பிறகு விரலுக்கு வலி குறையறதுக்காக மெல்லிய கம்பிகளைப் போட்டார், அதைத் தளர்த்தி சுருதியையும் கீழே இறக்கினார். அந்தக் கனமான, இருட்டான சத்தம்தான் ‘பிளாக் சபாத்’. நம்ம ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்து ஆட்கள் இதைக் கவனிக்கணும். ஹெவி மெட்டலோட முதல் சத்தம் ஒரு துண்டுத் தோல் வழியாத்தான் வந்தது.

அப்படியே 1980-கள் கடைசிக்கு வாங்க. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுல இந்த இசை இன்னும் வேகமாகி, இன்னும் கீழே இறங்கி, ‘டெத் மெட்டல்’ ஆச்சு. அதுக்கு மூணு அடையாளம் சொல்லலாம்.

முதலாவது, வேகம். நிமிஷத்துக்கு 200 தாள அடின்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு அடியையும் நாலா பிரிச்சு வாசிச்சா ஒரு செகண்டுக்கு 13 தடவைக்கு மேல கம்பியை மீட்டணும். டிரம்மர் ரெண்டு காலால அதே வேகத்துல பெடல் மிதிப்பார்.

ரெண்டாவது, குரல். அது தொண்டை கிழியக் கத்தறது இல்லை. நம்ம குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, போலிக் குரல்நாண்கள்னு சொல்வாங்க. அதையும் சேர்த்து அதிர வைக்கிற பயிற்சிதான் குரௌல். சரியா பண்றவங்க நேர்ல அவ்வளவு சத்தமா பாட மாட்டாங்க, மீதியை மைக் பார்த்துக்கும். தெரியாம பண்ணா மறுநாள் வைவா-வுல பேச்சு வராது. அனுபவம்.

மூணாவது, டிஸ்டார்ஷன். இது சர்க்யூட்ஸ் பாடம். கிட்டார் சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கினா அலையோட உச்சி வெட்டுப்பட்டு தட்டையாயிடும். கிளிப்பிங். வட்டமா வந்த அலை சதுரமாகும்போது புதுசா நிறைய ஹார்மோனிக்ஸ் பிறக்கும். அந்தக் கரகரப்பு அதான்.

இப்ப முக்கியமான இடம். டிஸ்டார்ஷன் லீனியர் கிடையாது. ரெண்டு ஸ்வரத்தை ஒண்ணா ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள்ள அனுப்பினா, அதுங்களோட கூட்டலும் கழித்தலும் புதுசா வெளியே வரும். கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ். அதோட பஞ்சமம் 123 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 41. அதாவது முதல் ஸ்வரத்துக்கு சரியா ஒரு ஸ்தாயி கீழே, யாரும் வாசிக்காத ஒரு ஸ்வரம் தானா வந்து உட்காரும். அதனாலதான் மெட்டல்ல ச-வும் ப-வும் சேர்ந்த ‘பவர் கார்ட்’ அவ்வளவு பெருசா கேக்குது. அதுவே 82-ஓட அந்தர காந்தாரத்தை, சுமார் 104 ஹெர்ட்ஸை சேருங்க. வித்தியாசம் 22 கிட்ட வரும். சுருதியாவே கேக்காத ஒரு முணுமுணுப்பு. மொத்தமும் குழம்பிடும்.

அப்போ டிஸ்டார்ஷனோட சேர்த்து இனிமையான மெலடியை எப்படி வாசிக்கிறது?

யூனிட் 2: ஸ்வீடன்காரங்க கண்டுபிடிச்ச வழி

ஸ்வீடனின் கோதன்பர்க் ஒரு துறைமுக நகரம். அங்க 1990-கள்ல சில பசங்க டெத் மெட்டலோட வேகத்தையும் குரலையும் அப்படியே வெச்சுக்கிட்டு, ‘அயர்ன் மெய்டன்’ மாதிரி குழுக்கள்கிட்ட இருந்து ஒரு பழைய உத்தியை எடுத்தாங்க. ரெண்டு கிட்டார். ஒருத்தர் ஒரு ஸ்வரம் வாசிச்சா இன்னொருத்தர் அதுக்கு மூணாவது ஸ்வரம் வாசிப்பார். ஆளுக்கொரு ஆம்ப். சிக்னல் ரெண்டும் ஒரே சர்க்யூட்டுக்குள்ள போகலை, காத்துலதான் சேருது. காத்து லீனியர். அதனால குழப்பம் இல்லை. கரகரப்புக்கு நடுவுலயே தெளிவா ஒரு ட்யூன் நிக்கும். இதுதான் மெலடிக் டெத் மெட்டல்.

1995 நவம்பர்ல ‘அட் தி கேட்ஸ்’ குழுவோட ‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’ வந்தது. ஃப்ரெட்மன் ஸ்டுடியோவுல ஃப்ரெட்ரிக் நார்ட்ஸ்ட்ரோம் கையில பதிவானது. மொத்தமே 34 நிமிஷம். ஒரு வீணான செகண்ட் கிடையாது. அது அவங்களோட நாலாவது ஆல்பம். அடுத்த வருஷமே குழு கலைஞ்சுடுச்சு. ஆனா அதைக் கேட்டு வளர்ந்த அமெரிக்கப் பசங்க பத்து வருஷத்துக்கு அதே மாதிரி ரிஃப் வாசிச்சாங்க. அதே காலத்துல அதே ஊர்ல ‘டார்க் ட்ராங்குவிலிட்டி’யோட ‘தி கேலரி’யும் ‘இன் ஃப்ளேம்ஸ்’ஸோட ‘தி ஜெஸ்டர் ரேஸ்’ஸும் வந்தது. இந்த மூணும்தான் இந்த இசைக்கு டெக்ஸ்ட்புக்.

அந்த மெலடிகளை நம்ம கணக்குல சொன்னா பெரும்பாலும் நடபைரவி, கீரவாணி ஸ்வரங்கள். சோகமா, நீளமா போகும். குளிர் தேசத்து சோகம். காட்பாடியில மே மாசம் ஃபேன் சூடான காத்தைத் தள்ளிக்கிட்டு இருக்கும்போது அதைக் கேட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது வேற யாரோ ஊரோட ஞாபகம்னு அடிமனசுல தெரியும்.

யூனிட் 3: சிங்கப்பூர்ல என்ன நடந்தது?

சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. ஆனா இந்திய வம்சாவளி ஆட்கள் நூத்துக்கு ஒன்பது பேர் அளவுதான். அந்த ஒன்பதுக்குள்ள டெத் மெட்டல் வாசிக்கிற தமிழ்ப் பசங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. சொந்தக்காரங்களுக்கு அது வெள்ளைக்காரன் சத்தம். மெட்டல் கேக்கற கூட்டத்துக்கு இவங்க இந்தியப் பசங்க. ரெண்டு பக்கமும் முழுசா சேராத இடம்.

ருத்ரா 1998-ல் முதல் ஆல்பம் போட்டாங்க. 2001-ல் ‘தி ஆர்யன் குருசேட்’. 2003-ல் ‘குருக்ஷேத்ரா’. நாலாவதாத்தான் ‘பிரம்மவித்யா’. கணக்குப் பாருங்க, குழு ஆரம்பிச்சு 13 வருஷம். பிளேஸ்மென்ட் சீசன்ல 21 வயசுலயே வாழ்க்கை செட்டில் ஆகலையேன்னு அழறவங்களுக்கு இந்த 13-ஐ அடிக்கோடு போட்டுத் தர்றேன்.

ஏன் அதைத் திருப்புமுனைன்னு சொல்றேன்? அதுவரைக்கும் பாட்டுக்குப் பாட்டு தெரிஞ்ச இந்திய அடையாளம், இதுல முழு ஆல்பத்துக்கும் ஒரே வாதமா மாறுது. உபநிஷதங்கள்ல வர்ற அத்வைதம்தான் விஷயம். அத்வைதம்னா என்னன்னு தெரியாதவங்க ‘நான் கடவுள்’ படத்துல ஆர்யா சொல்ற ‘அஹம் பிரம்மாஸ்மி’யை நினைச்சுக்கோங்க. பிருஹதாரண்யக உபநிஷதத்துல இருக்கிற வாக்கியம் அது. பாலா படம் 2009-ல் வந்தது. இவங்க நாலு வருஷம் முன்னாடியே அந்தச் சிந்தனையை மேடையில உறுமிக்கிட்டு இருந்தாங்க. வாதம் ஒரு ஆல்பத்துல முடியலை. 2009-ல் ‘டிரான்செண்டென்டல் ஐ’, 2011-ல் ‘இம்மார்டல் ஐ’ன்னு அது மூணு பாகமா வளர்ந்தது. 2009-லயே சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலையும் அங்க வாழற தென்னிந்தியர்களோட அடையாளத்தையும் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதிட்டார். நாம ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதவே இவ்வளவு கஷ்டப்படறோம்.

இசையா பார்த்தா, இது கோதன்பர்க் அளவுக்கு இனிமை கிடையாது. இன்னும் முரட்டுத்தனமானது. ரிஃப் நேரா தலையில அடிக்கும். இங்கிலீஷ் வரிகள் உறுமல்ல வரும். நடுவுல சம்ஸ்கிருத மந்திரம் ஓதற குரல் வரும். மெலடி எங்கன்னு கேட்டா, அது ரெண்டு கிட்டார் கைகோத்துப் பாடற இடத்துல மட்டும் இல்லை. கொஞ்சம் கீழே தேடணும்.

இங்கதான் எங்க மாமா வர்றார்.

யூனிட் 4: டிரம் ஓடற சத்தம்

எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா தோல் வேலை. மாமா ஆம்பூர் பக்கத்துல ஒரு டேனரியில டிரம் செக்‌ஷன். டிரம்னா வாசிக்கிறது இல்லை. ஆளை விட ரெண்டு மடங்கு உயரமான மரப் பீப்பாய். உள்ளே தோலையும் தண்ணியையும் குரோம் உப்பையும் போட்டு மணிக்கணக்கா சுத்த விடுவாங்க. தோல் நீலமா வெளியே வரும், அதுக்கு ‘வெட் புளூ’ன்னு பேர்.

போன தீபாவளி லீவுல மாமா என் காதுல இருந்த இயர்போன்ல ஒண்ணைப் புடுங்கி தன் காதுல வெச்சுக்கிட்டார். ஓடிக்கிட்டு இருந்தது ருத்ரா. அரை நிமிஷம் கேட்டார்.

“இன்னாடா இது? டிரம்முல கல்லைப் போட்டு ஓட்டுன மாதிரி கீது.”

நான் சிரிச்சேன். அவர் இயர்போனைத் திருப்பிக் குடுக்கலை. இன்னும் கொஞ்சம் கேட்டுட்டு சொன்னார்: “ஆனா அடியில ஒண்ணு நிக்காம ஓடுதுல்ல, அது நல்லாக்கீதுடா.”

நாலு வருஷமா ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச எனக்குத் தெரியாத விஷயம். மறுபடி போட்டுக் கேட்டேன். உண்மைதான். மெட்டல் ரிஃப்ல பாதி நேரம் ஒரு தடிச்ச கம்பி திறந்தபடி ஒரே ஸ்வரத்தை விடாம அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுமேலதான் மத்த ஸ்வரங்கள் வந்து வந்து போகும். இதை நீங்க வேற எங்கேயோ கேட்டிருக்கீங்க. கச்சேரியில தம்புரா. நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஒத்து. ச-வும் ப-வும் நிக்காம ஓடும், ராகம் அதுமேல நடக்கும். யூனிட் 1-ல பார்த்த பவர் கார்டும் அதே ச-வும் ப-வும்தான். தம்புராவை ஓவர்லோட் பண்ணி ஸ்பீக்கர்ல விட்டா அது டெத் மெட்டலுக்கு ரொம்ப தூரத்துல இருக்காது.

இன்னொண்ணு. கர்நாடக சங்கீதம் கத்துக்கப் போற குழந்தைக்கு முதல்ல சொல்லித் தர்றது மாயாமாளவகௌளை. சரளி வரிசை முழுக்க அதுதான். அதுல ச-வுக்கு ஒட்டினாப்ல ஒரு சின்ன ரி வரும், சுத்த ரிஷபம். மேற்கத்திய மெட்டல்காரங்க பயமுறுத்தணும்னு தேடிப் பிடிக்கிற இடைவெளி அதேதான். நமக்கு அது பயம் இல்லை, காலையில பக்கத்து வீட்டுப் பொண்ணு பாடற பாட்டு. ‘தேவர் மகன்’ படத்துல வர்ற ‘மாசறு பொன்னே’ இதே ராகம். அந்தப் படமும் 1992, ருத்ரா பிறந்ததும் 1992. ருத்ராவோட ரிஃப்கள் அந்தச் சின்ன ரி-யைச் சுத்தி வரும்போது நம்ம காது அதை மிரட்டலா எடுத்துக்காது, தெரிஞ்ச முகமா எடுத்துக்கும்.

ஆக, ஒரு சித்தார் துண்டைத் தூவி விடறதாலயோ, அட்டையில சாமி படம் போடறதாலயோ ஒரு இசை நம்மளுது ஆகாது. அடியில ஓடற ஆதார ஸ்ருதியும், அதுமேல ஸ்வரம் எப்படி நடக்குதுங்கறதும்தான் கணக்கு. மூணாவது கேள்விக்கு நான் கண்டுபிடிச்ச பதில் இது. கண்டுபிடிச்சது மாமா, எழுதினது நான்.

யூனிட் 5: சிலபஸ்ல இல்லாத ஒரு நெருடல்

இதோட நிறுத்தினா நல்ல பையன்னு பேர் வாங்கிடலாம். ஆனா இன்னொண்ணு சொல்லியே ஆகணும்.

அவங்களோட ரெண்டாவது ஆல்பத்துத் தலைப்புல ‘ஆர்யன்’னு இருக்கு. நமக்கு அரியர்னாலே பயம், ஆரியர்னா கேக்கவே வேண்டாம். சம்ஸ்கிருதத்துல ‘ஆர்ய’ன்னா மேன்மையானவன்னு அர்த்தம். ஆனா பெரியார் பேசிட்டுப் போன மண்ணுல அந்த வார்த்தைக்கு இன்னொரு சரித்திரம் இருக்கு. சிங்கப்பூர்ல அது எப்படிக் கேக்குதோ அப்படி காட்பாடியில கேக்காது.

எனக்கு அது வெறும் கொள்கை விஷயமும் இல்லை. தோலைத் தொட்ட கைன்னு எங்க தாத்தாவுக்கு டீக்கடையில தனி டம்ளர் வெச்ச காலம் ஒண்ணு இருந்தது. மிருதங்கத்துக்குத் தோல் வேணும், அந்தத் தோலைப் பதப்படுத்திக் கட்டற ஆள் சபா மேடைக்கு வேண்டாம். டி.எம். கிருஷ்ணா 2020-ல் எழுதின ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ முழுக்க அந்த மிருதங்கம் செய்யறவங்களைப் பத்தித்தான். வேதத்தைக் காதால கேக்கவே கூடாதுன்னு தள்ளி வெச்ச ஆட்கள் நாங்க. அந்த வேதாந்தத்தை ஒரு ஆல்பம் கொண்டாடும்போது நான் தலையாட்டிக்கிட்டு உட்காரலாமா?

ரொம்ப நாள் இதுக்கு ஒரு பக்கமாவே பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு மாசம் அந்த ஆல்பத்தை டெலீட்டே பண்ணிட்டேன். திரும்ப ஏன் போட்டேன்னா, அந்த உறுமல். எந்த வார்த்தையோட உச்சரிப்பு ஒரு மாத்திரை தப்பக்கூடாதுன்னு தலைமுறை தலைமுறையா வேலி போட்டுக் காப்பாத்தினாங்களோ, அந்தக் கருத்து இங்க ஒரு பேஸ் கிட்டார்காரரோட தொண்டைக்கு அடியில இருந்து வியர்வையோட வருது. வேலிக்கு வெளியே, யார் வேணும்னாலும் காசு குடுத்து வாங்கிக் கேக்கற சீடியில. குழுவோட நோக்கம் இதுதான்னு நான் சொல்லலை. என் காதுக்கு அப்படிக் கேக்குது. எல்லாம் ஒண்ணுதான்னு ஒரு தத்துவம் சொன்னா, அதை டிரம் செக்‌ஷன் வரைக்கும் கொண்டு வந்து காட்டுன்னு கேக்கற உரிமை எனக்கு இருக்கு. அந்தக் கேள்வியோடதான் அதைக் கேக்கறேன். ஒரு இசை பிடிக்கறதுக்கு அது சொல்ற எல்லாத்தையும் ஒத்துக்கணும்னு அவசியம் இல்லை.

ஒரு குறையும் சொல்லிடறேன். இங்கிலீஷ் இருக்கு, சம்ஸ்கிருதம் இருக்கு. தமிழ்? அதைச் சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியலை. இந்தக் கட்டுரைக்கு முன்னாடி நானே தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதினது பத்தாவது பப்ளிக் எக்ஸாம்லதான்.

லேப்: நீங்களே செஞ்சு பாருங்க

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இயர்போன் எடுத்துக்கோங்க. போன் ஸ்பீக்கர் வேண்டாம், அதுல 82 ஹெர்ட்ஸ் சரியாவே வராது. ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒரே பாட்டை மூணு தடவை கேளுங்க.

முதல் தடவை குரலை விட்டுடுங்க. தலையாட்டற மெதுவான தாளம் எதுன்னு தேடுங்க. செகண்டுக்கு 13 அடி ஓடினாலும் அதுக்கு நடுவுல டேபிள் மேல தட்டற மாதிரி ஒரு தாளம் கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் ஸ்னேர் அடி காட்டிக் குடுக்கும்.

ரெண்டாவது தடவை அடியில ஓடற ஸ்வரத்தைப் பிடிங்க. வாயை மூடிக்கிட்டு அதையே ‘ம்ம்’னு முனகுங்க. விடாதீங்க. மேலே ரிஃப் எங்க போனாலும் நீங்க அங்கேயே நில்லுங்க. ரிஃப் திரும்பி உங்ககிட்ட வர்றது தெரியும்.

மூணாவது தடவை குரலைக் கேளுங்க. வார்த்தை புரியணும்னு இல்லை. மூச்சு எங்க எடுக்கறார்னு மட்டும் பாருங்க.

அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா பரவாயில்லை. பிரியாணி எல்லாருக்கும் பிடிக்கணும்னு சட்டம் இல்லை, ஆம்பூர்க்காரன் இதைச் சொல்றதே பெரிய விஷயம். ஆனா “இதுல பாட்டு எங்க இருக்கு”ன்னு மட்டும் இனிமே கேக்காதீங்க.

மாமா போன வாரம் போன் பண்ணினார். நைட் ஷிஃப்ட்ல இருந்தார், பின்னாடி டிரம் சத்தம். “உன் பாட்டு கேக்குதாடா?”ன்னு கேட்டுட்டு ஒரு அரை நிமிஷம் போனை அதுகிட்ட நீட்டிப் பிடிச்சிருந்தார்.

ஒரே ஸ்வரம், நிக்கவே இல்லை. பேஸ் கிட்டாரை எடுத்து அதுக்கு சுருதி சேர்க்கப் பார்த்தேன். கடைசிக் கம்பியை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.